சிக்பேட்டையில் வெயில் தேடிய அக்கா

வேலூர் ரயிலிலிருந்து அக்கா இறங்கும்போது அவளுக்கு முன்னால் அவளுடைய பெட்டிதான் என் கண்ணில் பட்டது. அவள் வீட்டிலேயே பெரிய பெட்டி. அவளும் மாமாவும் மகனைப் பார்க்க ஒரே ஒரு முறை மஸ்கட் போனபோது வாங்கியது. நாலு நாள் தங்குகிறேன் என்றவளுக்கு இத்தனை பெரிய பெட்டி எதற்கு? யோசித்துப் பார்த்தேன். யோசனை எனக்குச் சாதகமாகவே முடிந்தது.

"குடுக்கா, நான் இழுக்குறேன்."

"சக்கரம் இருக்குது, வுடுடி."

ஆட்டோக்காரர் அதை ஒற்றைக் கையால் தூக்கிப் பின்னால் வைத்தார். கண் அதைப் பார்த்தது. மனசு பார்க்கவில்லை.

மாமா இறந்து ஒரு வருடம் ஆகிறது. வேலூர் வீட்டில் அக்கா தனியாக, முன்னறையில் தையல் மெஷினோடு. என்னோடு வந்து இருந்துவிடு என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "வந்து பாத்துட்டு சொல்றேன்" என்றாள். பார்க்கத்தான் வந்திருக்கிறாள், பார்த்துவிட்டு இருந்துவிடத்தான் பெட்டி என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்காக மட்டும் கேட்கவில்லை. இந்த ஊருக்கு வந்த இருபத்திரண்டு வருடத்தில் ஏழு வீடு மாறிவிட்டேன். ஒக்கலிபுரத்தில் ரயில் சத்தம் தாங்கவில்லை என்று கிளம்பினேன். அடுத்த வீட்டில் ரயில் சத்தமே இல்லையே என்று கிளம்பினேன். இப்போது அல்சூரில், ஏரிக்குப் பின்தெருவில், மூன்றாம் மாடி. கணவருக்கு மாதத்தில் பாதி நாள் வெளியூர் வேலை. ஜன்னலைத் திறந்தால் மூடத் தோன்றும், மூடினால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கத் தோன்றும். அசையாமல் உட்கார்ந்து தைக்கிற ஒருத்தி வீட்டில் இருந்தால் நானும் கொஞ்சம் உட்காருவேனோ என்று ஓர் ஆசை.

கிழக்குப் பார்த்த சின்ன அறையிலிருந்து என் புத்தகங்களை அப்புறப்படுத்தி, அதை அவளுக்காக ஒழித்து வைத்திருந்தேன். வந்த அன்றே அக்கா அதில் நுழைந்து, முதல் வேலையாக லைட்டை அணைத்தாள். சுவரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், உள்ளங்கையை நீட்டி அதையும் பார்த்தாள். அறை பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஊர் சுற்றக் கிளம்பினோம். அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, மார்க்கெட்டில் வெளியே வந்தோம். கோட்டையைக் காட்டினேன். கருங்கல் மதிலில் உயரமான வாசல், வேலைப்பாடு செய்த வளைவுகள், வெளியே பஸ்களின் உறுமல். அக்கா உள்ளே போய், நாலு எட்டு வைத்து, திரும்பி வந்தாள்.

"கோட்டை எங்க?"

"இதான்க்கா கோட்டை."

"இது வாசல்டி. வீடு எங்க?"

மற்றதெல்லாம் இடிந்து ரோடாகவும் ஆஸ்பத்திரியாகவும் ஆகிவிட்டது என்றேன். அக்கா அகழியோடு முழுசாக நிற்கிற கோட்டையைத் தினமும் காலையில் சுற்றி நடக்கிறவள். இங்கே மீதியிருந்த மதிலைக் கையால் தட்டிக்கொடுத்தாள், யாரோ வீட்டுப் பிள்ளையின் முதுகைப் போல. "பாவம்" என்றாள். ஊருக்காக எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. ஏழு வீடு மாறியவளுக்கு ஊர் மேல் என்ன ரோஷம்! ஆனாலும் வந்தது.

சுல்தானின் கோடை அரண்மனை அங்கிருந்து நடக்கிற தூரம். தேக்குத் தூண்கள் வரிசையாக நிற்க, அவற்றுக்கிடையில் காலை வெயில் பாய் விரித்திருந்தது. மேல்மாடத்துச் சுவரில் பழைய பூ ஓவியங்கள், பாதி அழிந்து, பாதி பிடிவாதமாக. எவ்வளவு நேரம் அங்கேயே நின்றாளோ, நான் இரண்டு முறை கீழே இறங்கி ஏறிவிட்டேன்.

"இந்தக் கொடிய பாரேன். ஜாக்கெட் கையில ஆரி ஒர்க் போட்டா எடுப்பா இருக்கும்."

"ராஜா உக்காந்த எடம்க்கா."

"உக்காந்துட்டுப் போறாரு. கொடிய கேட்டா குடுக்க மாட்டாரா?"

போனில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டாள். ஒரு வருடத்தில் அந்த முகத்தில் அப்படியொரு பசியை நான் பார்க்கவில்லை. இங்கேயே இருந்தால் வாரம் ஒரு முறை கூட்டி வருவேனே என்று மனசுக்குள் அவளைக் குடிவைத்தேன்.

பிறகுதான் அவள் கேட்டாள். "லைனிங் துணி மொத்தமா எங்க கிடைக்கும்?"

சிக்பேட்டைச் சந்துக்குள் நுழைந்தோம். புடவைக் கடைகளுக்கு இடையில் லைனிங்கும் புடவைக் கரையில் அடிக்கும் ஃபால்ஸும் நூலும் மட்டும் விற்கும் ஒரு கடை. இரண்டு ஆள் அகலம், இருபது ஆள் ஆழம். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். "ஏனு பேக்கு அம்மா?" என்று கன்னடத்தில் என்ன வேண்டும் எனக் கேட்டவர், அக்கா வாயைத் திறந்ததும் தமிழுக்கு வந்துவிட்டார். "வேலூரா? நம்ம சம்மந்தி ஊரு. ஒக்காருங்க."

அக்கா பர்ஸிலிருந்து பெரிய ஊக்கு ஒன்றை எடுத்தாள். அதில் விரலகலத் துணித் துண்டுகள் பத்துப் பன்னிரண்டு கோத்திருந்தன. ஒவ்வொன்றும் ஒரு புடவையின் ஓரம். மெரூன் துண்டை மட்டும் உருவிக் கடைக்காரரிடம் காட்டினாள். அவர் எடுத்துப் போட்ட மூன்று கட்டுகளும் எனக்கு ஒரே மெரூனாகத்தான் தெரிந்தன.

"டியூப் லைட்டுல எல்லா மெரூனும் ஒண்ணுதாங்க. வெயில்ல பாக்கணும்."

"பாருங்களேன். எடுத்துட்டுப் போய் பாருங்க."

வெளியே சந்தின் குறுக்கே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. அதன் கீழ் துணி, மனிதர்கள், தள்ளுவண்டிக் கொய்யா எல்லாமே நீலம்.

"இன்னாடி இது, உங்க ஊர்ல சூரியனுக்கும் டிராஃபிக்கா?"

கடைக்காரர் சிரித்தார். "முக்கு வரைக்கும் போகணும்மா. அங்க பத்து நிமிசம் வெயில் வரும்."

"துணியோட ஓடிட்டேன்னா?"

"இந்தக் கூட்டத்துல எங்க ஓடுவீங்க?"

"சரி, என் தங்கச்சிய வெச்சிக்கோங்க. அவதான் ஓடுற கேசு. புடிச்சி வெய்யுங்க."

மெரூன் துண்டோடு மூன்று கட்டுகளையும் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு அவள் கூட்டத்தில் புகுந்தாள். பர்ஸும் ஊக்கும் என் கையில். சும்மா இருக்கத் தெரியாத கை, துண்டுகளைப் புரட்டியது. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சீட்டு. 'ரெண்டாவது தெரு டீச்சர், வெள்ளிக்கிழமை.' 'பால்காரர் வீட்டு மருமகள், சீமந்தம், கை லூசா.' 'நர்ஸம்மா, அடுத்த மாசம், பொண்ணு நிச்சயம்.' அதற்கும் அடுத்த மாதம் இரண்டு. ஆடி கழித்து ஒன்று.

ஆடி கழித்து!

ஆட்டோக்காரர் ஒற்றைக் கையால் தூக்கிய பெட்டி அப்போதுதான் மனசுக்கு வந்து சேர்ந்தது.

அக்கா திரும்பி வந்தாள். நெற்றியில் வியர்வை, அக்குளில் இரண்டு கட்டு, கையில் ஒன்று மட்டும் தனியாக. "இதான்" என்று அதை மேஜை மேல் வைத்தவள், என் கையிலிருந்த ஊக்கைப் பார்த்தாள்.

"படிச்சிட்டியா?"

"பொட்டி காலியாக்கா?"

"ரெண்டு பொடவையும் பல்லு தேய்க்கிற பிரஷ்ஷும் இருக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. கடைக்காரர், "ஏனாய்த்தும்மா?" என்று பதறினார். "ஒண்ணும் இல்லீங்க. அவளுக்கு மெரூன் ஒத்துக்காது" என்றாள் அக்கா.

மற்ற துண்டுகளுக்கும் வாங்கி மூட்டை கட்டியபின், கடைக்கு வெளியே, அந்த நீலத்துக்குக் கீழே நின்று காபி குடித்தோம்.

"மாமா இல்லாத வீட்ல பயமா இல்லியா?"

"எட்டு மணிக்கே கதவ தட்றாளுங்க. அக்கா, கை டைட்டா இருக்குது, அக்கா, கழுத்து எறங்கிப்போச்சு. பயப்பட எங்க நேரம்?" ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள். "உன் வீட்ல யாருடி எனக்குக் கதவ தட்டுவா? நீயே வீட்ல இருக்க மாட்ட."

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கால்கள் அடுத்த சந்தை நோக்கித் திரும்பியிருந்தன. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அந்த ரூம பாத்தேன். காலைல நல்ல வெளிச்சம். பத்து மணிக்கு மேல பக்கத்து பில்டிங் முழுங்கிடுது. எனக்கு அப்பப்ப ரெண்டு நாள் வந்து இருந்தா போதும்."

மறுநாள் காலை அந்த அறையில்தான் பெட்டியை அடுக்கினாள். லைனிங் கட்டுகள், ஃபால்ஸ் சுருள்கள், நூல்கண்டுகள். மூடியபோது இருவரும் ஏறி உட்கார வேண்டியிருந்தது. இப்போது என்னால் அதைத் தரையிலிருந்து அசைக்கவே முடியவில்லை.

"கத்திரி குடு. உன் பச்சைப் பொடவை எங்க? ஜாக்கெட் இல்லாம மூணு வருசமா வெச்சிருக்கியே, அது."

எடுத்துக் கொடுத்தேன். உள்முனையில் ஒரு விரலகலம் நறுக்கி, ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். ஒன்பதே முக்கால். பக்கத்துக் கட்டடம் இன்னும் வெயிலை விழுங்கவில்லை. பச்சைக்குள் மறைந்திருந்த மஞ்சள் அந்த வெளிச்சத்தில் மெல்ல வெளியே வந்தது. மூன்று வருடமாக எனக்குத் தெரியாத மஞ்சள்.

"இதுக்கு லைனிங் இந்தக் கட்டுல இல்ல. அடுத்த தடவ அங்கயே வாங்கணும்."

துண்டை ஊக்கில் கோத்தாள், ஆடி கழித்து வருகிறவளுக்கு முன்னால். புதுச் சீட்டு ஒன்றைக் கிழித்து, பேனாவை எடுத்தாள்.

"அளவு பழசேதானே? எப்பன்னு எழுதட்டும்?"

"நீ எப்ப வர்றியோ அப்ப."

"அப்படி எழுதினா யாருக்கும் தைக்க முடியாது. தேதி சொல்லு. அன்னிக்கு வீட்ல இருக்கணும்."

காலண்டரைப் பார்க்க எழுந்தேன். பாதி வழியில் திரும்பி வந்து, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தேதியைச் சொன்னேன்.