கை கொடுக்காதவன்

எனக்கு ஆட்டிசம் உண்டு. யாராவது தொட்டால் உடம்பே கூசும். கொரோனா சமயத்தில் 'ஆறடி தள்ளி நில்லுங்கள்' என்று ஆட்டோவில் மைக் வைத்துச் சொன்னபோது, ஊரே என்னைப் போல் ஆகிவிட்டதென்று நிம்மதியடைந்தேன்.

அப்போது விராலிமலையில் பெரியப்பா மாரடைப்பில் இறந்தார். துக்க வீட்டில் ஆண்கள் வரிசையாக அவர் மகனான அண்ணனுக்குக் கை கொடுத்தார்கள். நான் தள்ளி நின்று கும்பிட்டேன்.

"ஒன்னயத் தூக்கி வளத்த மனுசன்டா! கை கொடுக்க வலிக்குதா ஒனக்கு?" என்று சித்தப்பா கத்தினார்.

"ஆறடி தள்ளி நிக்கணும்னாங்களே, சித்தப்பா."

கல்நெஞ்சுக்காரன் என்றார்கள்.

மறுவாரம் கை கொடுத்த பலருக்குக் காய்ச்சல். சித்தப்பா ஆக்சிஜனில் கிடந்து பிழைத்தார். நான் தப்பித்தேன். அண்ணன் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

இப்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கை கொடுக்கிறேன்; வீடு திரும்பி, தோல் எரியும்வரை கழுவுகிறேன்.

"பய இப்பத்தான் மனுசனாயிருக்கான்" என்கிறார் சித்தப்பா.