மேல்வீட்டுக்கு வாங்கிய நடைமெசின்

சீனி வியாதி என்று டாக்டர் சொன்னபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. மருந்துச் சீட்டின் அடியில் இரண்டு கோடு போட்டு, "ஒவ்வொரு நாளும் முக்கால் மணித்தியாலம் நடக்கவேணும். அதை விட்டால் இந்த மருந்தெல்லாம் வீண்" என்றார். மருந்தைப் பற்றி எனக்குக் கவலை வரவில்லை. நடக்கச் சொன்னதுதான் கவலையாக இருந்தது.

நடப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் திருகோணமலையில் தனியாக இருந்து பார்த்தவர்களில்லை. எங்கள் தெருவில் ஒருவரைக் கண்டால் சுகமா என்று கேட்பதில்லை. "எங்க போறீங்க?" என்றுதான் கேட்பார்கள். பதில் அவர்களுக்கு முக்கியமுமில்லை. சந்தைக்கு, கோயிலுக்கு, மச்சாள் வீட்டுக்கு என்று எதையாவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டுத் தங்கள் பாட்டைப் பார்ப்பார்கள். ஆனால் எதையாவது சொல்லியாகவேண்டும். எனக்கு அந்த ஊரில் மச்சாள் இல்லை. வேலை மாற்றத்தில் வந்து பதினொரு வருஷம் ஒரே மேல்வீட்டில் இருந்தவள் நான். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரே தம்பி இங்கிலாந்தில் இருந்தான். வருஷத்துக்கு இரண்டு கடிதம் வரும். கல்யாணம் பேசி வந்தவை மூன்று. அவை ஏன் முடியவில்லை என்று எழுதப்போனால் இன்றைக்கும் கோபம் வரும், விட்டுவிடுகிறேன்.

வேலை டெலிபோன் எக்சேஞ்சில். காலையிலிருந்து பின்னேரம் மூன்று மணி வரை காதில் கருவியை மாட்டிக்கொண்டு, "எந்த ஊர் வேணும்?" என்று ஊரையெல்லாம் கேட்பதுதான் என் சம்பளத்துக்கான வேலை. அதே கேள்வியை யாராவது என்னிடம் கேட்டால் மட்டும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டாக்டர் சொன்னாரே என்று முதல் நாள் துறைமுகப் பக்கமாக நடந்தேன். மூலைக்கடைக்காரர் வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "எங்க மிஸ் போறீங்க?" என்றார். "சும்மா" என்றேன். இரண்டாம் நாளும் கேட்டார், சும்மா என்றேன். மூன்றாம் நாள், "இண்டைக்கும் சும்மாதானோ?" என்று சிரித்தார். கடைவாசல் வாங்கிலில் குந்தியிருந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அந்த மனுஷனின் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. "நான் எங்க போனால் உங்களுக்கென்ன? உங்கட கடையைப் பார்த்துக்கொண்டு இருங்க" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டு நடந்தேன்.

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. தெருவிலும் யாரும் கேட்கவில்லை. நான் போனால் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குக் கேள்வியே மேல். ஒரு கிழமையில் நடையை விட்டுவிட்டேன்.

அது வெளிநாட்டுச் சாமான்கள் கடைகளில் குவியத் தொடங்கியிருந்த காலம். கப்பல்காரர் விட்டுப்போகும் சாமான்களை வாங்கி விற்கும் கடை ஒன்று பெரிய தெருவில் இருந்தது. அங்கே நின்ற இடத்திலேயே நடக்கிற மெசின் ஒன்று கிடப்பதாக எக்சேஞ்சில் கதை அடிபட்டது. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கலாம், ஒருத்தரும் எங்கே என்று கேட்கமாட்டார்கள். அன்றைக்குப் பின்னேரமே போய்விட்டேன்.

கடைக்காரர் முதலில் காட்டியது துடுப்பு வலிக்கிற மெசின். நிலத்தில் குந்தியிருந்து இரண்டு கைபிடியை இழுக்கவேண்டும். "உடம்புக்கு இதைப்போல ஒண்டும் இல்லை" என்றார். கொட்டியாரக் குடாவில் விடியமுதல் தோணி வலித்துக் கை காய்த்துப் போனவர்கள் இதைக் கண்டால் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்தது சில்லு இல்லாத சைக்கிள். சேலையோடு அதில் எப்படி ஏறுவது என்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்து, ஏலாது என்று விட்டுவிட்டோம். மூலையில் கிடந்ததுதான் நடைமெசின். இரும்புச் சட்டம், இரண்டு பக்கமும் கைபிடி, உருளைகளின் மேல் ஒரு கறுத்த ரப்பர் பட்டி. மின்சாரம் வேண்டாம். நாம் நடந்தால் பட்டி பின்னால் ஓடும், நின்றால் நிற்கும். ஏறி நாலு அடி வைத்துப் பார்த்தேன். கடகடவென்று சத்தம் போட்டாலும் நடக்க முடிந்தது.

நீளத்தையும் அகலத்தையும் தையல் நாடாவால் அளந்துகொண்டு வந்து என் அறையை அளந்தேன். கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் வைத்தால் அலுமாரிக் கதவு திறக்காது. யன்னலடியில் வைத்தால் குசினி மூலைக்குப் போக வழி இல்லை. விருந்தாளிக்கென்று போட்டிருந்த கதிரையை வெளியே எடுத்தால் சரியாக வரும். அந்தக் கதிரையில் கடைசியாக யார் இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. கதிரையை எடுப்பதென்று தீர்மானித்தேன். மூன்று தரம் அளந்து, கடதாசியில் கீறியும் பார்த்தேன்.

அளக்காமல் விட்டது மாடிப்படியை. எங்கள் படி நடுவில் சுவரோடு ஒட்டி முறுகித் திரும்பும், ஓர் ஆள் போகிற அகலம்தான். ஆனால் என் அலுமாரியும் கட்டிலும் படியால் ஏறி வந்தவையல்ல. பலகையாகக் கொண்டுவந்து தச்சன் அறைக்குள்ளேயே இருந்து செய்து தந்தவை. அந்தப் பக்கத்து மேல்வீடுகளில் எல்லாம் அப்படித்தான். பதினொரு வருஷத்தில் அந்தப் படியால் ஒரு பெரிய சாமானும் ஏறியதில்லை, ஆகவே எனக்கு அந்த யோசனையே வரவில்லை.

வண்டிலில் நடைமெசின் வந்து இறங்கியபோது தெரு முழுக்க வாசலில் நின்றது. யாருக்கும் தெரியாமல் நடப்பதற்கென்று வாங்கிய சாமான். மாடிப்படித் திருப்பத்தில் அது சிக்கிக்கொண்டது. வண்டில்காரர்கள் நிமிர்த்திப் பார்த்தார்கள், சரித்துப் பார்த்தார்கள், சுவரில் காறை உதிர்ந்ததுதான் மிச்சம். கழற்றலாம் என்றால் ஆணியே இல்லை, எல்லாம் ஒட்டு வைத்த இரும்பு. நான் கீழே நின்று யாரையும் பார்க்காமல் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகையே வந்துவிட்டது.

அப்போது கீழ்வீட்டுக் கதவுச் சீலை விலகியது. வீட்டுக்காரரின் மனைவி. முஸ்லிம்கள் அக்காவை அழைப்பதுபோல அவரை எல்லாரும் ராத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். குடாவுக்கு அக்கரையில், லாஞ்சுப் படகில் போகவேண்டிய மூதூரில் பிறந்து கல்யாணத்துக்குப் பிறகு பட்டணத்துக்கு வந்தவர், என்னைவிடப் பத்து வயது கூட. பதினொரு வருஷமும் அவரோடு எனக்குச் சிரிப்பும் நோன்புக் கஞ்சியும்தான், அதற்கு மேல் கதை இருந்ததில்லை. "சுவரை உடைக்காதீங்க. இங்க முன் விறாந்தைக்குள்ள கொண்டுவந்து வைங்க" என்று வண்டில்காரரிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "ஒரு வழி பார்க்கும் வரைக்கும் கிடக்கட்டும் மிஸ். அவர் துறைமுகத்தால வரப் பொழுதுபட்டு மஃரிபு ஆகும். பின்னேரத்தில நீங்க வந்து நடங்க" என்றார்.

வழி பார்க்கும் வரைக்கும் என்றது ஒன்றரை வருஷம் ஆயிற்று.

முதல் நாள் வெட்கத்தில் கைபிடியைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடியே நடந்தேன். ராத்தா பாயில் இருந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மெசின் கடகடவென்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எங்க பயணம் மிஸ்?" என்று கேட்டார். எனக்கு முகம் இறுகியது. திரும்பிப் பார்த்தேன். அவர் சிரிக்காமல், உண்மையாகவே பதிலுக்குக் காத்திருப்பவர்போலக் கீரைத் தண்டைப் பிடித்தபடி இருந்தார். என்ன நினைத்தேனோ, "மூதூருக்கு" என்றேன்.

"தண்ணிக்கு மேலாலயா?"

"ஓம். லாஞ்சுக்குக் காத்திருக்க ஏலாது."

"அப்ப உம்மா வீட்டுப் பக்கம் ஒருக்கா எட்டிப் பார்த்திட்டு வாங்க. கிணத்தடித் தோடை காய்ச்சிருக்கும்."

இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அது நடந்தது. மூன்றரைக்கு இறங்குவேன். அவர் அஸர் தொழுகை முடித்து வருவார். நான் பட்டியில் கால் வைத்ததும், "இண்டைக்கு எங்க தங்கச்சி?" என்பார். எப்போது மிஸ் போய்த் தங்கச்சி வந்தது என்று நான் கவனிக்கவில்லை. நிலாவெளிக்கு என்றால் கரைவலை மீன் வாங்கி வரச் சொல்வார். கட்டைபறிச்சானுக்கு என்றால் கத்தரிக்காய். ஒரு நாள் இங்கிலாந்துக்கு என்றேன். "அவ்வளவு தூரம் போகவேணாம், அவனுக்கு வரத் தெரியாதா?" என்று தம்பியை ஏசினார். எனக்காக யாராவது யாரையாவது ஏசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. பள்ளிவாசலில் மஃரிபு பாங்கு கேட்டால் நடை முடியும், நான் மேலே ஏறிவிடுவேன். முக்கால் மணித்தியாலம் எப்போதோ இரண்டு மணித்தியாலத்துக்கும் மேலாகியிருந்தது. சீனி குறைந்துவிட்டது என்று டாக்டர் தன் மருந்தை மெச்சிக்கொண்டார்.

பிறகு ராத்தாவின் மகளுக்குக் கல்யாணம் சரிவந்தது. அவர்களுடைய வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு மகளுக்கு. தாய் தகப்பன் பின்பக்க அறைக்குப் போவார்கள், முன் விறாந்தை புதுத் தம்பதிக்கு. புது மாப்பிள்ளை இருக்கிற வீட்டில் பின்னேரம் வந்து சேலையைச் செருகிக்கொண்டு கடகடவென்று நடக்க முடியாது. அதை யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை.

வீட்டுக்காரர் நல்ல மனுஷன். துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்கும் வேலைக்குப் பொறுப்பானவர். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து நாலு பேரோடு கப்பியையும் கயிற்றையும் கொண்டுவந்தார். மேலே என் யன்னலைச் சட்டத்தோடு கழற்றினார்கள். "இத்தனை நாளா உங்களுக்குக் கரைச்சல் மிஸ். நான் எப்பவோ செய்து தந்திருக்கவேணும்" என்றார். அவருக்குப் பின்னால் கதவடியில் ராத்தா நின்றார்.

அந்த நேரத்தில் ஏதாவது சொல்லியிருக்கலாம். பின்பக்க அறையில் ஒரு மூலை போதும் என்றோ, மெசின் வேண்டாம், நான் சும்மா வந்து இருக்கிறேன் என்றோ சொல்லியிருக்கலாம். பதினொரு வருஷம் ஒருத்தரிடமும் ஒன்றும் கேட்காமல் இருந்த வாய் அது. "மேல இருந்தா உங்களுக்கும் வசதிதானே?" என்று ராத்தா கேட்டார். "ஓம், நல்ல வசதி" என்றேன். அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். மெசின் கயிற்றில் ஆடி ஆடி மேலே போய், நான் மூன்று தரம் அளந்த அதே இடத்தில் சரியாக உட்கார்ந்தது.

அடுத்த நாள் மூன்றரைக்குக் கதவைச் சாத்திவிட்டு ஏறினேன். நான் முதலில் ஆசைப்பட்டது இதுதான். தெரு இல்லை, பார்வை இல்லை, கேள்வி இல்லை. பட்டி ஓடியது, எதிரே சுவர். கீழே கல்யாணச் சமையலுக்கு வந்த பெண்களின் சத்தமும் சட்டிகளின் சத்தமும் கேட்டன. பத்து நிமிஷம் நடந்தேன். யாராவது கேட்பார்கள் என்று காது தன்பாட்டுக்குக் காத்திருந்தது. இருபது நிமிஷத்தில் கால் நின்றுவிட்டது, பட்டியும் நின்றது. அந்தச் சத்தமும் இல்லாமல் போனபோது அறை தாங்க முடியாமல் இருந்தது. கல்யாணம் முடிந்த பிறகும் அப்படித்தான். ராத்தா படியடியில் கண்டால் கையைப் பிடித்துச் சுகம் கேட்பார். அவருக்குப் பேரப்பிள்ளை வந்தது, வேலை கூடிவிட்டது. பிழை சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு பின்னேரம் மெசினிலிருந்து இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தேன். மூலைக்கடைக்காரர் அதே இடத்தில் வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டார், தலையைக் குனிந்துகொண்டார். நான் கடையைக் கடந்து நாலு அடி போய்த் திரும்பி வந்தேன்.

"என்ன வேணும் மிஸ்?"

"ஒண்டும் வேணாம். நடக்கப் போறன். நீங்க கேக்கேல்லை, அதுதான் சொன்னனான்."

அவர் செம்பைக் கீழே வைத்தார். "நீங்கதானே கேக்கவேணாம் எண்டு சொன்னனீங்க."

"ஓம். அது என்ர பிழை. இனிமேல் கேளுங்க."

வாங்கிலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர் சிரிக்கவில்லை.

"சரி. எங்க மிஸ் போறீங்க?"

சொல்வதற்கு இப்போதும் எனக்கு ஓர் இடம் இருக்கவில்லை. வாயில் வந்தது ஒரே ஊர்தான்.

"மூதூருக்கு."

அவர் குடாப் பக்கம் எட்டிப் பார்த்தார். முகத்தில் உண்மையான கவலை இருந்தது. "கடைசி லாஞ்சு போயிற்றே, மிஸ்" என்றார்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.