காது போனவர் கண்ட சுவர்கள்

காது போனதிலிருந்து ரோச்சோடு பஸ்ஸில் போவது பெரிய கூத்து. கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் வாய்விட்டுப் படிப்பார். தன் குரல் தனக்கே கேட்காததால் ஊருக்கே கேட்கும்படி படிப்பார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில் ஒரு நாள், தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் அப்படித்தான். முன்னால் போன உப்பு லாரியின் முதுகில் எழுதியிருந்தது அவர் கண்ணில் பட்டுத் தொலைத்தது.

“முந்திப் போறவரே, போயிட்டு வாரும்! சாயங்காலம் எல்லாருக்கும் ஒண்ணுதான்!”

தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை ஒன்று வீரிட்டு அழுதது. கண்டக்டர் முறைத்தார். பக்கத்தில் இருந்த ஹென்றிக்கு மானம் போயிற்று. “மெதுவாப் படியும் மச்சான்,” என்று தொடையில் கிள்ளினான்.

ஹென்றி, ரோச்சின் மனைவி பிலோமிக்குத் தம்பி. ரோச் கயிற்றில் கட்டிய கனத்த கல்லில் கால் வைத்துக் கடலுக்குள் சங்கு குளிக்க இறங்கினால், மேலே வள்ளத்தில் கயிற்றைப் பிடிப்பவன் அவன்தான். அந்தக் கயிற்றை மச்சான் கையில் மட்டுமே கொடுப்பார்கள். அக்காள் தாலியறுக்க எந்தத் தம்பி விடுவான்? அந்தக் கணக்குதான்.

போன சீசனில் ஆழத்துத் தண்ணீர் அழுத்தி ரோச்சின் இரண்டு காதும் உடைந்து சீழ் பிடித்துவிட்டது. கேட்காமல் போனதைக்கூட மனுஷன் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் தண்ணீருக்குள் தலை சுற்றி, மேல் எது கீழ் எது என்று தெரியாமல், தூக்கச் சொல்லிக் கயிற்றைச் சுண்டவும் மறந்து கிடந்தார். ஹென்றிதான் சந்தேகப்பட்டு இழுத்துப் போட்டான். அடுத்த சீசனுக்குள் காதைச் சரியாக்கிவிட்டால் இரண்டு வீட்டிலும் அடுப்பெரியும். அதற்குத்தான் இந்தப் பயணம்.

கடலே கதி என்று கிடந்த காலத்தில் ரோச் எந்தச் சுவரைப் பார்த்தார்? வள்ளம், சங்கு, சோறு, தூக்கம், அவ்வளவுதான். காது அடைத்த பிறகுதான் உலகம் இப்படி ஜோடித்துக்கொண்டு நிற்பதே அவருக்குத் தெரிந்தது. வாகைக்குளம் தாண்டி ஒரு பம்புசெட் அறைச் சுவரில் யாரோ கரிக்கட்டியால் மயில் வரைந்திருந்தார்கள். ஒற்றைக் கால் மயில். அதன் கீழே, ‘மழை வரட்டும், ஆடுதேன்.’ சுற்றிலும் பெயருக்கு ஒரு புல் கிடையாது.

“ஏலே, இத எழுதுனவன் பெரிய ஆளுலே!” என்று கத்தினார் ரோச். கண் கலங்கிவிட்டது. “ஒத்தக் கால வச்சுக்கிட்டு என்ன தைரியமாச் சொல்லுது பாரு!”

ஹென்றிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு ஹென்றியிடம் பேசினார். டாக்டரின் உதட்டைப் பார்த்தாவது ரோச் புரிந்துகொள்ளலாம் என்றால், பாவி மனுஷனின் மீசை உதட்டை மூடிக் கிடந்தது. ஹென்றி தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

திரும்பும் பஸ்ஸில் சரியான கூட்டம். எப்படியோ கடைசி சீட்டில் இடம் பிடித்து உட்கார்ந்ததும் ரோச் கேட்டார்: “டாக்டரு என்னலே சொன்னாரு?”

வீட்டில் போய்ச் சொல்கிறேன் என்று ஹென்றி கையைக் காட்டினான்.

“இங்கனயே சொல்லு! நான் என்ன பச்சப் பிள்ளையா?”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சொல்வதென்றால் கத்திச் சொல்ல வேண்டும். இத்தனை பேர் முன்னால் அதை எப்படிக் கத்துவான்? முன்சீட்டு முதுகுத் தகரத்தில் செம்மண் தூசி படிந்திருந்தது. ஹென்றி அதில் விரலால் எழுதினான். ரோச்சின் வாய் தன் பாட்டுக்குப் படித்துவிட்டது.

“இனி முங்கக் கூடாது. முங்குனா உசுரு போயிரும்.”

படித்து முடித்த பிறகுதான் அது தன் கதை என்று அவருக்கு உறைத்தது. முன்னால் இருந்த பெண் “ஐயோ” என்று வாயைப் பொத்தினாள். ரோச் உள்ளங்கையால் தூசியைத் துடைத்தார். வல்லநாடு தாண்டியதும், தன்னால் முடிந்த மட்டும் மெல்லக் கேட்டார். அதுவும் பஸ் முழுக்கக் கேட்டது.

“நீ இனி யாருக்குலே கயிறு பிடிப்ப?”

ஹென்றி சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவனோடு கூடப் பிறந்தது பிலோமி ஒருத்திதான். இன்னொரு மச்சானுக்கு அவன் எங்கே போவான்?