ஆயிரத்து நானூற்று இருபதாவது அடி

14.5.1991 – 180 அடி – 3 இஞ்சு
2.4.1999 – 340 அடி – 2 இஞ்சு
21.3.2007 – 710 அடி – ஒன்றரை இஞ்சு
9.4.2016 – 1,160 அடி – 1 இஞ்சு
6.3.2024 – 1,420 அடி – முக்கால் இஞ்சு

பொம்மனஹள்ளியில் ஒரே காம்பவுண்டுக்குள் போட்ட ஐந்து போர்க் கிணறுகளின் ஆழமும், அவற்றில் வந்த தண்ணீரும் இவை. ஐந்தையும் போட்டவர் ஒருவரே. பெயர் தனக்கோடி. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து இருபத்து நான்கு வயதில் போர் போடும் ரிக் வண்டியோடு பெங்களூர் வந்தவர். முதல் போரில் தண்ணீர் பீறிட்டுத் தென்னை உயரத்துக்கு அடித்ததைப் பார்த்து, குடியிருந்தால் இங்கேதான் என்று அந்தக் காம்பவுண்டிலேயே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். இரண்டு வருஷம் கழித்து சொர்ணத்தைக் கட்டிக்கொண்டு வந்ததும் அதே வீட்டுக்குத்தான்.

பதினான்கு வீடுகள் அங்கே. நடுவில் சிமெண்டுத் தொட்டி.

தனக்கோடிக்குப் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. ஆனால் மண்ணுக்குக் கீழே இருப்பதை அவரைப்போல் படித்தவர்கள் குறைவு. மேலே முப்பதடி செம்மண். அதற்குக் கீழே விரலால் நசுக்கினால் உதிரும் வெள்ளைக் கல். அப்புறம் சாம்பல் நிறப் பாறை, அடி அடியாக, நாள் முழுக்க. திடீரென்று ரோஜா நிறத்தில் தூள் பறக்கும். அதைக் கண்டால் மெஷினை மெதுவாக்கிவிடுவார். பக்கத்தில் எங்கோ வெடிப்பு இருக்கிறது என்று அர்த்தம். இத்தனை இறுகிய கல்லுக்குள் தண்ணீர் எப்படிப் போய் உட்கார்ந்தது என்பது முப்பது வருஷம் ஆகியும் அவருக்குப் பழகாத அதிசயமாகவே இருந்தது. ஒவ்வொரு முறையும் தண்ணீர் மேலே வரும்போது செருப்பைக் கழற்றிவிடுவார். அந்தத் தூள்தான் நெஞ்சில் இருமலாகவும் தங்கியது.

2016-இல் போட்ட போரில் தண்ணீர் வந்த ஒன்பதாம் நாள், பின்தெருவில் இருந்த கிணறு வற்றியது. தனக்கோடி போய் எட்டிப் பார்த்தார். அடியில் ஒரு ஆமை சேற்றில் கிடந்தது. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தார்.

ரிக் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கலங்கல் தெளிந்ததும் முதல் கைத் தண்ணீரைத் துளை போட்ட டிரில்லர்தான் குடிப்பார். அவர் விழுங்கித் தலையை ஆட்டிய பிறகுதான் வீட்டுக்காரர் தொடுவார். தனக்கோடியின் நாக்கு பொம்மனஹள்ளி முழுக்கப் பேர்போனது. உப்பு, இரும்பு, சாக்கடைக் கசிவு எதுவானாலும் ஒரு வாயில் சொல்லிவிடுவார்.

2024 மார்ச்சில் நான்கு போர்களும் காற்றைத்தான் கக்கின. டேங்கர் வருவதும் நின்றது. காம்பவுண்டுக்குச் சொந்தக்காரரான மஞ்சுநாத், வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த தனக்கோடியையே கூப்பிட்டார். அவரும் பழைய முதலாளியிடம் வண்டியை வாங்கி வந்து இறக்கினார். துளைக்குள் இறக்கும் ராடு ஒவ்வொன்றும் இருபது அடி. எழுபதாவது ராடு வரை வெறும் புகை. எழுபத்தோராவதில் புகை கறுத்தது, சேறானது, தண்ணீரானது.

கையில் ஏந்தினால் வெதுவெதுவென்று இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் இப்படிச் சூடான தண்ணீரைத் தொட்டதில்லை. குடித்தார். தித்தித்தது.

"எளநி தோத்துச்சுங்க!"

ஆட்டோ ஓட்டும் நாகேஷ் விசிலடித்தான். "அண்ணா, ஒங்க நாக்குல ஐ.எஸ்.ஐ. முத்திரை குத்திரலாம்ணா!"

மஞ்சுநாத் மட்டும் தயங்கினார். "தனக்கோடியவரே, இவ்ளோ ஆழத்து நீரு. ஸ்வல்ப லேப்புக்குக் குடுத்துப் பாக்கலாமா?"

"ஏன் சார், என் நாக்கு செத்துப்போச்சுன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். மஞ்சுநாத்தும் சிரித்துவிட்டுப் பேச்சை விட்டார். பதினான்கு வீடும் குடிக்க ஆரம்பித்தது.

அடுத்த வருஷம் ஜூனில் சொர்ணத்துக்குக் கால் வீங்கியது. ஆகஸ்டில் முகம். 12.9.2025 அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "கிட்னி ரொம்பப் போயிருச்சு. நாகேஷ்னு ஒருத்தர் இதே அட்ரஸ்ல இருந்து இதே கோளாறோட வந்திருக்கார். ரெண்டு பேரும் எந்தத் தண்ணி குடிக்கறீங்க?"

தனக்கோடி சொன்னார்: "நான் போட்ட போர்த் தண்ணிங்க."

"அதாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது. டெஸ்ட் பண்ணுங்க."

அன்று மாலையே மோட்டாரை நிறுத்தச் சொன்னார். 15.9.2025 அன்று இரண்டு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு லேபுக்குப் போனார். அங்கே வேலை பார்க்கும் சஹானா என்ற பெண் ஆழத்தைக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஆயிரத்து நானூறு அடியா? அது எந்தக் காலத்துல பெஞ்ச மழைன்னு யாருக்கும் தெரியாது அங்கிள். மனுஷனே இல்லாத காலமாக்கூட இருக்கும். அவ்ளோ நாள் பாறைக்குள்ள கெடந்தா, பாறையில இருக்கறதெல்லாம் தண்ணில கரைஞ்சு எறங்கிரும். யுரேனியம் இருக்கான்னு பாக்கணும். அது எங்ககிட்ட இல்ல, இன்னொரு பாட்டில வெளியூருக்கு அனுப்பறேன். தனி ரிப்போர்ட்டா வரும். அது வர்ற வரைக்கும் யாரும் குடிக்காதீங்க."

"அது இருந்தா நாக்குக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாது அங்கிள். ருசியே கெடையாது."

இரண்டு வாரம் தொட்டி காலியாகக் கிடந்தது. டேங்கருக்கு வரிசை, வரிசையில் சண்டை. "நல்ல தண்ணியப் பூட்டி வெச்சிட்டு நாடகம் போடறாரு," என்று அவர் காதில் விழும்படியே பேசினார்கள். 29.9.2025 அன்று லேபிலிருந்து முதல் கடிதம் வந்தது. காம்பவுண்டுக்கு வரும் இங்கிலீஷ் கடிதங்களையெல்லாம் படித்துச் சொல்வது ஆறாம் வீட்டு லாவண்யாதான். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உரக்கப் படித்தாள். உப்பு சரி. ஃபுளோரைடு சரி. கிருமி இல்லை.

"அண்ணனோட நாக்கு ஜெயிச்சிருச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

தனக்கோடி வாயைத் திறந்தார். இன்னொரு ரிப்போர்ட் இருக்கிறது என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். பதினான்கு வீட்டுக் குடங்களும் அவர் முன்னால் இருந்தன. ஒன்றரை வருஷமாகக் கேட்காத பாராட்டு காதில் இருந்தது.

லாவண்யா கேட்டாள்: "அண்ணா, எனக்குப் பால் பத்தல. பவுடர்தான் கரைச்சுக் குடுக்கறேன். பாப்பாவுக்கு இந்தத் தண்ணில குடுக்கலாமில்ல?"

"குடு கண்ணு," என்றார்.

மோட்டார் ஓடியது.

இன்னொரு ரிப்போர்ட் வரவேண்டியிருப்பதைச் சொர்ணத்திடம் மட்டும் அன்றிரவு சொன்னார். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு அவளுக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான் அளவு.

"ஏனுங், அந்தப் புள்ளகிட்டயாச்சும் சொல்லிப்போடுங்க."

"வரட்டும் சொர்ணம். ஒண்ணும் இல்லைன்னு வந்துட்டா வீணா எதுக்குப் பீதியக் கெளப்பறது?"

"இருக்குதுன்னு வந்தா?"

வாரத்துக்கு இரண்டு முறை அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி போகும்போது ஆறாம் வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். வாசல்படியில் பால் பாட்டில் கழுவிக் கவிழ்த்திருக்கும். பார்க்காதபடி நடக்கப் பழகினார். இரண்டு முறை கதவு வரை போய்த் திரும்பினார். ஒரு முறை தட்டியே விட்டார். லாவண்யா வந்து நின்றதும், "பாப்பா தூங்குதா?" என்று கேட்டுவிட்டு வந்தார். தீபாவளி வந்து போனது. நாகேஷ் ஆட்டோவை விற்றான்.

சஹானா ஒரு மதியம் போன் செய்தாள். "அங்கிள், ரிசல்ட் வந்திருச்சு. யுரேனியம் முப்பதுக்குள்ள இருக்கணும். நானூத்திப் பன்னெண்டு இருக்கு. ஒரிஜினல் தபால்ல வரும். யாரும் குடிக்கலல்ல?"

தனக்கோடி, "இல்லம்மா," என்றார்.

பிறகு போய் மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மோட்டார் எரிந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னார். தபாலைத் தானே வாங்கிவிட வேண்டும் என்று நான்கு நாள் கேட்டிலேயே உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் செவ்வாய்க்கிழமை; சொர்ணத்துக்கு டயாலிசிஸ் முறை. அவளைத் தனியே அனுப்ப முடியாது. பத்தரை மணிக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார்.

பதினொன்றே காலுக்குத் தபால்காரர் வந்தார். வீடு பூட்டியிருந்ததால் ஆறாம் வீட்டு லாவண்யா கையெழுத்துப் போட்டு வாங்கினாள். இங்கிலீஷ் கடிதம் என்பதால் வழக்கம்போல அவளே பிரித்தாள். முதல் கடிதம் வந்து அன்றைக்கு நாற்பத்து மூன்று நாள் ஆகியிருந்தது. கடைசிக் கடிதம் வந்த தேதி 11.11.2025.