அடிவாரத்துக் கல்மாவு

கல் உடைக்கிற கிரஷர் வேலைக்குப் போகிறவர்களுக்கு வயது சீக்கிரம் ஏறும். காலையில் கருப்பு முடியோடு போனால் மத்தியானச் சோற்றுக்கு உட்காரும்போது புருவம் வரைக்கும் நரைத்திருக்கும்.

ஜவ்வரிசி போடுகிற சேகோ மில்லில் மாவு மூட்டை தூக்கினவர்கள், பஞ்சு மில்லில் நின்றவர்கள், வெள்ளைக்கல் வெட்டினவர்கள், எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை தோலுரிக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் நின்று கூட்டிப் பெருக்கினவர்கள், உங்களுக்கெல்லாம் நான் சொல்லப்போவது பாதி சொல்லும்போதே புரிந்துவிடும். படுக்கும்போது தலைக்கு மூன்று தலையணை அடுக்குகிறவர்கள் நம் ஆட்கள். மாடிப்படியைக் கண்டால் முதலில் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர்களும் நம் ஆட்களே. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். வேகமாகச் சொல்ல எனக்கும் மூச்சு போதாது.

ஓசிப் பவுடர்

நான் ஏற்காடு மலையில் நாகலூரில் காப்பி எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். பெயர் சலோமி. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தேன். எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊர் தேவராஜுக்கே என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் அப்போது மலையை விட்டிறங்கி, அடிவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்குவாரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். வெடிமருந்து வைக்கப் பாறையில் குழி போடும் வேலை. கம்ப்ரசரில் ஓடுகிற துளை மிஷினை நெஞ்சோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நிற்க வேண்டும். குவாரியை ஒட்டியே அதே முதலாளியின் கிரஷர். அங்கே பெரிய கல் ஜல்லியாகும், ஜல்லியாகாதது மாவாகும். அந்த மிஷினின் வாயில் சட்டி சட்டியாகக் கல் கொட்டுவது என் வேலை.

முதல் நாள், புதுப்பெண் அல்லவா, கனகாம்பரம் வைத்துக்கொண்டு, முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு போனேன். மிஷினை ஓட்டிவிட்டதும் என் கை எனக்கே தெரியவில்லை. மத்தியானம் தூக்குப்போசியைத் திறந்தால் சோற்றின் மேல் உப்பைத் தூவின மாதிரி கல்மாவு. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்தது. அங்கே ஆறு வருஷமாக வேலை பார்த்த ராக்கம்மா அக்கா தன் பழைய சேலையில் ஒரு முழம் கிழித்து, தண்ணீரில் நனைத்து, என் மூக்கை மூடிக் கட்டிவிட்டது. கட்டும்போது என் கன்னத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னது:

“பவுடரு எதுக்குக் கண்ணு காசு குடுத்து வாங்கற? இங்க வந்தா ஓசியிலயே பூசி அனுப்புவாங்களே!”

குருத்தோலை ஞாயிறு

தேவராஜ் நன்றாகப் பாடுவார். கல்யாணத்துக்கு முன்னால் நான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை, குரலைத்தான் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு குருத்தோலை ஞாயிறும் நாகலூர் கோயிலிலிருந்து ஊர்வலம் மேட்டுத் தெரு வரைக்கும் ஏறும். முன்னால் இவர் பாட, பின்னால் சனம் பாடும். ஏற்றத்தில் மற்றவர்களெல்லாம் அடி அடியாகக் குரலை விட்டுவிடுவார்கள். இவர் குரல் மட்டும் மேலே போய்ச் சேரும். அடிவாரத்துக்கு வந்த பிறகும் அந்த ஒரு நாளுக்காக முதல் பஸ் பிடித்து மலைக்குப் போய்விடுவோம்.

எங்களுக்கு எஸ்தர் பிறந்த வருஷம், வேலையில் அவருக்கு அது எட்டாவது வருஷம், ஏற்றத்தில் முதல் பாட்டு பாதியில் நின்றது. குனிந்து முழங்காலில் கையூன்றி நின்றார். சளி என்றார். அடுத்த வருஷம் பாட்டின் முதல் அடியைத் தாண்டவில்லை. அதற்கடுத்த வருஷம் கோயில் வாசலிலேயே, பாடற் குழுவில் இவரிடம் பாட்டுக் கற்றுக்கொண்ட ஒரு இளவட்டம் வந்து, இவர் கையில் ஓலையைக் கொடுத்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னான்:

“அண்ணா, நீங்க ஓலையை மட்டும் புடிச்சுக்கிட்டு மெதுவா வாங்க. பாட்டை நாங்க பாத்துக்கறோமுங்க.”

ஆபீசர் வந்த நாள்

கல்லின் மேல் தண்ணீர் தெளித்தால் தூசி பாதியாக அடங்கும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், வாசல் தெளிக்கிற பெண்கள் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து எங்களை வேலை வாங்குகிற மாரிமுத்து மேஸ்திரியிடம் கேட்டோம். கத்துவாரே தவிர, கெட்ட மனுஷன் இல்லை. இரண்டு நாள் தண்ணீர் தெளிக்க விட்டார். ஈரமாவு சல்லடையில் அப்பிக்கொண்டு வேலை மெதுவாகிறது என்று முதலாளி சத்தம் போட, மூன்றாம் நாள் குடங்கள் ஓரமாகப் போய்விட்டன.

கொஞ்ச நாள் கழித்து ஒரு கவர்மென்ட் ஆபீசர் பார்வையிட வந்தார். அவர் வருவது முதல் நாளே தெரிந்துவிட்டது. காலையில் மிஷினை ஓட்டவே இல்லை. தரையெல்லாம் கூட்டித் தண்ணீர் தெளித்துச் சுத்தமாக இருந்தது. எங்களில் முக்கால்வாசிப் பேரைப் புளியமரங்களுக்குப் பின்னால் போய் உட்காரச் சொல்லிவிட்டார்கள். ஆபீசர் ஜீப்பை விட்டிறங்கி, நின்றிருந்த மிஷினைச் சுற்றி வந்து, சோடா குடித்துவிட்டுக் கிளம்பினார். மரத்துக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்த ராக்கம்மா அக்கா, மேஸ்திரி வந்ததும் கேட்டது:

“ஏனுங்க மேஸ்திரி, அந்த அய்யா சட்டை வெள்ளையா வந்து வெள்ளையாவே திரும்பிப் போகுது. தெனமும் அவரை வரச் சொல்லுங்களேன், நாங்களும் கொஞ்சம் மூச்சு உட்டுக்கறோம்.”

தனித் தட்டு

இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

தேவராஜுக்கு இருமல் நிற்காமல், ஆளும் பாதியாக இளைத்துப் போனதும், பக்கத்துத் தெரு டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து டி.பி. என்றார். மாத்திரை கொடுத்தார்கள். மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட்டார். ஒன்றுக்குச் சிவப்பாகப் போனது, வயிறு எரிந்தது, இருமல் மட்டும் அப்படியே இருந்தது. டி.பி. ஒட்டும் என்று தெருவே பேசியது. அவருக்குத் தனித்தட்டு, தனி டம்ளர், வாசலோரம் தனிப்பாய் என்று பிரித்து வைத்தது வேறு யாருமில்லை, நான்தான். எஸ்தருக்கு அப்போது மூன்று வயது. அப்பாவிடம் ஓடும். நான் நடுவில் போய்ப் பிடித்துக்கொள்வேன். அவர் பிள்ளை பக்கம் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்துகொள்வார்.

அடிவாரத்தில் பஸ் நிற்கிற இடத்தில் பாத்திமா அக்கா டீக்கடை வைத்திருந்தது. ஒரு நாள் இவர் வீட்டிலிருந்தே தன் டம்ளரை எடுத்துக்கொண்டு போய் நீட்டியிருக்கிறார். அக்கா அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, எல்லோருக்கும் கொடுக்கிற கண்ணாடி டம்ளரில் டீயை ஆற்றிக் கொடுத்ததாம். கடையில் இருந்த ஒருவர் முகம் சுளித்திருக்கிறார். அக்கா அவர் பக்கமே திரும்பாமல் சொன்னதாக இவர் என்னிடம் வந்து சொன்னார். எனக்கு நிமிர்ந்து பார்க்க முகமில்லை. அக்கா சொன்னது இவ்வளவுதான்:

“டம்ளரக் கழுவத்தான் நான் இருக்கேனே. நீ சூட்டோட குடி தம்பி.”

யாரும் கேட்காத கேள்வி

ஏற்காட்டில் சிஸ்டர்கள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒரு நாள் ஒரு டாக்டரம்மா வருவார் என்று கேள்விப்பட்டு, இவரைக் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன வயசுதான் அந்த அம்மாவுக்கு. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். சளி சோதித்த சீட்டுகளைப் பார்த்தார். மூன்று தடவை சோதித்தும் மூன்றிலும் கிருமி இல்லை. பிறகு, இத்தனை வருஷத்தில் எந்த டாக்டரும் கேட்காத ஒன்றைக் கேட்டார். “என்ன வேலை பாக்கறீங்க?”

இவர் சொன்னார். எத்தனை வருஷம், முகத்துக்கு என்ன கட்டுவீர்கள், கூட வேலை பார்த்தவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனார். கூட வேலை பார்த்தவர்களில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று இவர் சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். நெஞ்சுக்குள் கல்மாவு படிந்து இறுகிவிட்டது, அதை எடுக்க மருந்து கிடையாது, இனி அந்த வேலைக்கு ஒரு நாள்கூடப் போகக்கூடாது என்றார். இது ஒட்டுவாரொட்டி இல்லை என்றும் சொன்னார். எனக்கு முதலில் சொன்னதெல்லாம் காதில் விழுந்து இடி மாதிரி நின்றது. இவருக்குக் கடைசியில் சொன்னது மட்டும்தான் விழுந்திருக்கிறது. நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து கேட்டார்:

“அப்ப என் பொண்ணைத் தூக்கலாமுங்களா டாக்டரம்மா?”

எவர்சில்வர் குடம்

இவர் குவாரியில் வேலை பார்த்தார் என்று ஓர் எழுத்து வாங்கி வந்தால் மேற்கொண்டு வைத்தியத்துக்கு ஏதாவது வழி பிறக்கும் என்றார் டாக்டரம்மா. முதலாளியிடம் போனேன். எங்கள் கல்யாணத்துக்கு வந்து, முன் வரிசையில் உட்கார்ந்து, பந்தியில் இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தவர். “தேவராஜு நல்ல பையன்தான். ஆனா இங்கதான் வேலை பாத்தான்னு எப்படிம்மா எழுதறது? யாரு பேரையும் நாங்க எழுதி வெக்கறதில்லையே” என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தபோது பரண்மேல் இருந்த எவர்சில்வர் குடம் கண்ணில் பட்டது. கல்யாணத்துக்கு முதலாளி கொடுத்தது. கிரஷர் பேரும், எங்கள் இரண்டு பேர் பேரும், ‘அன்பளிப்பு’ என்றும் கழுத்தைச் சுற்றி வெட்டியிருந்தது. அதைச் சேலைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினேன். லேபர் ஆபீசில் மூன்று மணி நேரம் நின்றபின் கூப்பிட்டார்கள். அங்கிருந்தவர் குடத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுற்றிச் சுற்றி முழுவதையும் வாசித்தார். கேலியாகப் பேசவில்லை, உண்மையான வருத்தத்தோடுதான் திருப்பிக் கொடுத்தார்:

“பேரு தெளிவா வெட்டியிருக்கும்மா. வேலை பாத்தாருன்னு வெட்டலையே.”

ஜன்னலோரம்

சொந்த ஊர்க் காற்று நல்லது என்று எல்லோரும் சொன்னதால் நாகலூருக்கே திரும்பினோம். அடிவாரத்தில் பஸ் ஏறும்போது இவரைப் படியில் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஜன்னலோரம் உட்கார வைத்தேன். மார்கழி மாதம். நாலைந்து வளைவு ஏறினதும் பனி உள்ளே வர, பின்னால் இருந்தவர்கள் ஷட்டரை இறக்கச் சொன்னார்கள். இறக்கினேன். உடனே இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஏற்றினேன். மறுபடி சத்தம். இறக்கவும் ஏற்றவுமாக நான் அழுதேவிட்டேன். கண்டக்டர் முன்னாலிருந்து வந்து இவரை ஒரு பார்வை பார்த்தார். கண்டக்டரின் அண்ணனும் குவாரி ஆளாம், பிற்பாடு சொன்னார்கள். பின்னால் திரும்பி, பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

“குளுருறவங்க எல்லாம் அந்தப் பக்கம் நெருங்கி உக்காருங்க. இந்த ஜன்னலு அவரோடது, யாரும் தொடாதீங்க.”

மூன்று மாதம் இருந்தார். படுக்க முடியாது, உட்கார்ந்தே தூங்குவார். எஸ்தர் மட்டும் பகலெல்லாம் அவர் மடியில். பங்குனியில் ஒரு காலை, வெயில் ஏறின பிறகு, மடியில் பிள்ளை இருக்கும்போதே போய்விட்டார். பிள்ளை என்னிடம் ஓடி வந்து, “அம்மா, அப்பாவுக்கு இருமல் நின்னு போச்சு” என்றது.

மேஸ்திரியின் சந்தேகம்

டாக்டரம்மா சொல்லி, அந்த ஆஸ்பத்திரியிலேயே எனக்கு ஆயா வேலை கிடைத்தது. வருகிறவர்களை வரிசையாக பெஞ்சில் உட்கார வைத்துச் சீட்டு எழுத வேண்டும். பேர், வயது, ஊர் எழுதினதும், “என்ன வேலை பாக்கறீங்க?” என்று நானே கேட்டுப் பக்கத்தில் எழுதிவிடுவேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. வாழவந்தியிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் இருமிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் தலையை ஆட்டி, “சும்மா கூலி வேலைங்க” என்பார்கள். எந்தத் தூசியில் கூலி என்று கேட்பேன்.

ஒரு நாள் பெஞ்சின் கோடியில் மாரிமுத்து மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். சட்டை ஹேங்கரில் தொங்குகிற மாதிரி உடம்பில் தொங்கியது. என்னை அடையாளம் தெரிந்ததும் எழுந்து நிற்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தார். தேவராஜைப் பற்றி விசாரித்தார், சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார். அவர் மேல் எனக்கு எவ்வளவோ கோபம் இருந்தது. அந்த இருமலைக் கேட்டபின் அது எங்கே போனதென்று தெரியவில்லை. வெந்நீர் கொண்டு வந்து கொடுத்தேன். சீட்டில் ‘கிரஷர்’ என்று நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து நிறுத்தி, இரண்டு தடவை மூச்சு வாங்கிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார்:

“நான் வேலை வாங்குனவந்தானேம்மா, வேலை செஞ்சவன் இல்லையே. எனக்கு எப்படி வந்துச்சு?”

அந்தக் கிரஷரில் யார் யார் வேலை பார்த்தார்கள் என்பதை ஒருவர் விடாமல் ஞாபகம் வைத்திருந்தது அங்கே பறந்த தூசி ஒன்றுதான்.