ஆணி இல்லாத சுவர்

ஒஸ்லோவில் நாங்கள் வாங்கிய வீடு தர்மத்துக்குக் கட்டப்பட்டது. போக்கிடமில்லாத வயதான பெண்களுக்கென்று யாரோ ஒரு பணக்காரர் எந்தக் காலத்திலோ கட்டிய நீண்ட மஞ்சள் கட்டடம். ஆளுக்கோர் அறை, வாடகை கிடையாது. பிறகு வந்தவர்கள் அறைகளை இடித்துச் சேர்த்து, வெள்ளை பூசி, தனித்தனி வீடுகளாக்கி விற்றுத் தின்றார்கள். அப்பா வங்கிக் கடனில் ஒன்றை வாங்கி, "சரித்திரமான கட்டடம்" என்று எல்லோருக்கும் பெருமையடித்தார்.

முதல் பனிக்காலத்தில் ஒருநாள் பிற்பகல், அதற்குள்ளேயே இருட்டியிருந்தது, கதவைத் திறந்துகொண்டு ஒரு கிழவி உள்ளே வந்தாள். தட்டவில்லை. சப்பாத்தை வெளியில் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு நடந்ததால் சத்தமேயில்லை. எங்களைப் பார்க்கவும் இல்லை. கோட்டைக் கழற்றி வெறும் சுவரில் மாட்டினாள். அது விழுந்தது. எடுத்து அதே இடத்தில் மறுபடியும் மாட்டினாள். மறுபடியும் விழுந்தது.

அம்மா தம்பியை இறுக்கி அணைத்துக்கொண்டார்.

"பிள்ளை, காலைப் பார். நிலத்திலை படுதோ?"

"படுதம்மா."

"வடிவாப் பார்!"

கிழவி நோர்வேஜிய மொழியில் ஏதோ சொன்னாள். எங்கள் வீட்டில் மொழிபெயர்ப்பு என் வேலை.

"என்னவாம்?"

"தான் இஞ்சைதான் இருக்கிறாவாம்."

"ஐயோ முருகா!"

அம்மா குசினிக்கு ஓடி, மஞ்சள் தண்ணீர் கரைத்துவந்து அவள் முகத்தில் அடித்தார். கிழவி முகத்தைத் துடைக்கவில்லை. கோட்டைக் கையில் பிடித்தபடி பனிக்குள் போனாள்.

அவளைத் தூரத்து முதியோர் இல்லமொன்றில் தள்ளிவிட்டுத்தான் அவளுடைய அறையையும் சேர்த்து எங்களுக்கு விற்றிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி சொல்லி அப்பா அறிந்தார். அறிந்து என்ன செய்தார்? பூட்டை மாற்றினார். அவள் உயிரோடிருப்பவள் என்பதை அம்மா நம்பவேயில்லை. வாசலில் தேசிக்காயும் மிளகாயும் கட்டினார். அதற்குப் பிறகும் சில பிற்பகல்களில் கதவுக் கைப்பிடி மெதுவாக இறங்கும், ஏறும். நாங்கள் மூச்சுவிடாமல் இருப்போம்.

போர்நிறுத்தக் காலத்தில் ஊருக்குப் போனோம். அப்பா பிறந்து வளர்ந்த வீட்டில், இடம்பெயர்ந்து வந்த வேறொரு குடும்பம் இருந்தது. அப்பா வாசலில் நின்று கூப்பிடவில்லை. படலையைத் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே போனார். சட்டையைக் கழற்றி வெறும் சுவரில் மாட்டினார். அது விழுந்தது. அந்த வீட்டுப் பெண் தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"ஆர் நீங்கள்? என்ன வேணும்?"

அப்பா குனிந்து சட்டையை எடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா என் வாயைப் பொத்தினார்.

ஒஸ்லோவுக்குத் திரும்பியதும் அம்மா தேசிக்காயை அறுத்தெறிந்துவிட்டு, கதவருகே அந்த வெறும் சுவரில் ஓர் ஆணி அடித்தார். அதில் என் ஜக்கெட்டை மாட்டப் போனேன். கையில் அடி விழுந்தது. ஏனென்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

தினமும் பகல் முழுவதும் அம்மா கதவைப் பூட்டாமலே வைத்திருந்தார். கைப்பிடி அதன் பிறகு இறங்கவேயில்லை.