வெறும் தண்ணீர் தெளித்த வரிசை

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்று மலைமேல் செம்மேட்டுப் பக்கம் என் தண்ணீர் லாரி போகாத தோட்டம் இல்லை. அங்கிருந்த பைன் நாற்றுப்பண்ணைக்கும் தண்ணீர் கொண்டுபோனது என் லாரிதான்.

பண்ணையைப் பார்த்துக்கொண்டவர் மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வேலைக்கு வந்த ஓர் அம்மா. ஒல்லியான உடம்பு, வெயிலில் கறுத்த முகம். கோடையைத் தாங்கவைக்கும் ஹார்மோன் மருந்தை ஒரு வரிசை பைன் கன்றுகளுக்குத் தெளிப்பார். அடுத்த வரிசைக்கு வெறும் தண்ணீரைத் தெளிப்பார். ஆனால் போகவர அவர் தடவிக்கொடுப்பது அந்தத் தண்ணீர் வரிசையைத்தான்.

“ஏனுங்க அம்மிணி, அதுக்கும் மருந்தடிச்சா என்னங்க?”

“எல்லாத்துக்கும் அடிச்சுட்டா, மருந்தாலதான் பொழச்சுதுன்னு எப்படிங்கய்யா தெரியும்?”

கன்றுகளுக்கு மேலிருந்த நிழல்வலையை எடுத்த கோடையில் மருந்து வரிசை பச்சையாக நின்றது. மற்றது முழுக்கச் செம்பட்டையாகிக் காய்ந்துபோனது. மேலதிகாரிகள் வந்து பாராட்டிவிட்டுப் போனார்கள். அந்த அம்மா காய்ந்த வரிசையருகே உட்கார்ந்திருந்தார்.

“ஜெயிச்சுப்போட்டு எழவு ஊட்டுல உக்காந்த மாதிரி இருக்கறீங்களே” என்றேன்.

“காஞ்சுபோகும்னு தெரிஞ்சேதானுங்கய்யா தண்ணி அடிச்சேன்.”

தோட்டவேலையில் காய்ப்பு நின்ற எத்தனையோ மிளகுக்கொடிகளைப் பிடுங்கியெறிந்து முன்னுக்கு வந்தவன் நான், எந்தக் கொடிக்காகவும் ஒரு நிமிடம் நின்றதில்லை. அவர் ஒவ்வொரு கன்றாகப் பிடுங்கி, வேர்மண்ணை உதறி, குழந்தைகளைப் படுக்கவைப்பதுபோல் வரிசையாகக் கிடத்தினார். அன்று ஏனோ, அவர் முடிக்கும்வரை எனக்கு லாரியைக் கிளப்ப மனம் வரவில்லை.